முதற் பந்தி யாருக்கு?



யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹார் என்னும் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அலுவல் முடிந்து வீடு திரும்பி, விளக்கேற்றியபின், ஊரிலுள்ள பெற்றோருடன் இரண்டு வார்த்தை பேசுவது அக்குடும்பங்களில் நாள்தோறும் நடக்கும் காரியம். முன்னொரு காலத்தில் இஃது எளிதாக இருந்ததில்லை. ‘டிரங்க் கால்’ பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த அழைப்பிலும் சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று தரங்கள் இருந்தன. கூடுதற் கட்டணம் செலுத்தியவருக்கு முதலில் இணைப்புக் கிட்டியது. 1960-ஆம் ஆண்டில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, இடையில் ஆள் இன்றி நேராக எண்ணைச் சுழற்றிப் பேசும் முறை நம் நாட்டில் முதன்முதலாக ஏற்பட்டது. அது மற்ற ஊர்களுக்கும் பரவப் பரவ, அந்தப் பழைய காத்திருப்பு மறைந்தது. இன்றோ முகம் பார்த்தே பேசுகிறோம்.

ஆயினும் காத்திருப்பு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தொலைபேசி நிலையத்தில் இருந்த வரிசை, இப்போது நம் வீட்டு அலமாரியின்மேல் பச்சை விளக்குகள் மினுக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. அப்பெட்டியை ‘ரூட்டர்’ என்கிறோம். தமிழில் திசைவி என்பர். வீட்டிலுள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் வெளியுலகோடு பேசுவது இந்த ஒரே வாயில் வழியாகத்தான். அந்த வாயிலில் யாரை முதலில் விடுவது, யாரைச் சற்று நிறுத்தி வைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை நான் எண்ணிப் பார்க்கும்படி நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். சில காலத்துக்கு முன் ஒருநாள் மாலை, தஞ்சாவூரில் என் தாயார் மருத்துவரின் அறையில் அமர்ந்திருந்தார். இரத்த அழுத்தத்துக்கு அவர் உட்கொள்ளும் மாத்திரையை மாற்ற வேண்டியிருந்தது. மருத்துவர் அதனை விளக்கிச் சொல்வதற்காக என்னை முகம் காட்டும் அழைப்பில் அழைத்தார். பழைய மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் என்பது விளங்கிற்று. எத்தனை நாளைக்குப் பாதி, பிறகு நிறுத்துவதா தொடர்வதா என்னும் இடத்தில் அவர் குரல் துண்டு துண்டாகிப் போயிற்று. முகம் அசையாமல் நின்றது. திரும்பத் திரும்பக் கேட்டும் பயனில்லை. வெளியே வேறு நோயாளிகள் காத்திருந்தனர், மருத்துவர் விடைபெற்றுக்கொண்டார். அன்றிரவு வேறு வழியில் செய்தியைக் கேட்டறியும்வரை எனக்கு உறக்கமில்லை.

இணைப்புத் தந்த நிறுவனத்தாரிடம் முறையிட்டேன். அவர்கள் அளந்து பார்த்து, வேகத்தில் குறையில்லை என்றனர். அவர்கள் கூற்று உண்மை. குறை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பள்ளிச் சுற்றுலாவிலிருந்து அன்றுதான் திரும்பிய என் மகளின் கைப்பேசி, வைஃபை கிடைத்தவுடன், எடுத்த படங்களையும் காட்சிகளையும் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்குத் தானாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. அவள்மேல் குற்றமில்லை, அவளுக்கே அது தெரியாது. மருத்துவரின் சொல்லும் சுற்றுலாப் படமும் ஒரே வாயிலில் மோதின. எது முந்த வேண்டும் என்று அந்த வாயிலுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

தொலைவுதான் காரணம் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது டில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். ஆகவே அந்த நீளமுள்ள இழையைக் கடக்க 11 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். வழியிலுள்ள நிலையங்களில் செலவாகும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டாலும் அது பேச்சைக் கெடுக்கும் அளவன்று.

இனி வீட்டுப் பெட்டியைப் பார்ப்போம். இணையத்தில் செல்லும் எதுவும் சிறு சிறு பொதிகளாகக் கட்டப்பட்டே செல்கிறது. வாயில் நெருக்கடியாக இருக்கும்போது பொதிகளைக் கீழே போட்டுவிடாமல் ஓரிடத்தில் தேக்கி, வந்த வரிசையிலேயே அனுப்புவது ரூட்டரின் இயல்பு. அந்தத் தேக்கிடம் 1 மெகாபைட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அது 8 மெகாபிட்டுக்குச் சமம். வெளியே செல்லும் திசையில் நம் இணைப்பின் கொள்ளளவு விநாடிக்கு 4 மெகாபிட் என்றால், நிறைந்த தேக்கிடம் காலியாக 2 விநாடி ஆகும். கொள்ளளவு 40 மெகாபிட்டாக இருந்தாலும் 200 மில்லி விநாடி ஆகும். படங்கள் நிரப்பிய தேக்கிடத்தின் கடைசியில் வந்து நிற்கும் குரற்பொதி, அத்தனை நேரமும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். தஞ்சாவூர் வரை ஓடும் நேரத்தைவிட, கூடத்து அலமாரியைத் தாண்டும் நேரம் பல மடங்காகிறது!

உரையாடல் எவ்வளவு தாமதத்தைத் தாங்கும்? ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குப் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் ஆனால் பெரும்பாலும் இடையூறு தோன்றாது என்றும், 400-ஐத் தாண்டலாகாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் ஜி.114 என்னும் பரிந்துரையில் வகுத்திருக்கிறது. அதற்கு மேற்பட்டால் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்குவர். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்துவர். தாமதம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குமானால் சொற்கள் உடைந்து போகும்.

தேக்கிடம் பெரிதாக இருந்தால் நல்லது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். நினைவகம் மலிந்தபோது, கருவி செய்வோர் அதனைத் தாராளமாகவே வைத்தனர். தம் வீட்டிலேயே இந்தத் தொல்லையை அளந்து கண்டு, ஏறத்தாழ 2010-இல் அதனை உலகுக்கு எடுத்துரைத்தவர் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். தேக்கிடத்தின் வீக்கம் என்று பொருள்படும் ‘பஃபர்புளோட்’ என்ற பெயரையும் அவரே வழங்கினார். பொருளைக் கீழே போடாமல் காப்பதாக எண்ணி, அதனைக் காலத்தில் சேர்ப்பிக்கத் தவறுகிறோம் என்பதே அவர் சுட்டிய குறை.

இப்போது நம் வீட்டுத் திருமணத்தை நினைவுகூருங்கள். பந்திக்கு முந்து என்பது பழமொழி. ஆனால் பொறுப்புள்ள ஒருவர் பந்தியை நடத்தும்போது என்ன செய்கிறார்? “ரயிலுக்குப் போகிறவர்கள் யார்? அவர்கள் முதலில் உட்காருங்கள்” என்கிறார். கைக்குழந்தையோடு வந்தவர்களையும், மருந்து சாப்பிட வேண்டிய முதியவர்களையும் அழைத்து அமர்த்துகிறார். உள்ளூர் உறவினர் எவ்வளவு நெருங்கியவரானாலும் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார். அவருக்கு அதனால் நட்டமில்லை. இங்கே முதன்மை தகுதியைப் பார்த்து வருவதன்று. யாரால் காத்திருக்க இயலாதோ அவருக்கு முதற் பந்தி. ரூட்டருக்கு நாம் கற்றுத்தர வேண்டிய நீதியும் இதுவே.

காத்திருக்க இயலாதவை, காத்திருக்க இயலுபவை என்று வீட்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். குரல் அழைப்பு, முகம் காட்டும் அழைப்பு, நேரடி வகுப்பு, நேர்முகத் தேர்வு ஆகியவை முதல் வகை. குழந்தைகள் மற்றவரோடு சேர்ந்து ஆடும் கணினி ஆட்டமும் இந்த வகைதான். அதன் பொதிகள் சிறியவை, ஆனால் உடனுக்குடன் போக வேண்டியவை. திரைப்படம் பார்ப்பது இடைப்பட்டது. அது சில விநாடிப் பகுதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதால், சிறு தாமதத்தை நாம் உணர்வதில்லை. படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புதல், மென்பொருளைப் புதுப்பித்தல், பெரிய கோப்புகளை இறக்குதல் ஆகியவை விடியற்காலை வரையிற்கூடக் காத்திருக்கும்.

இதில் ஒரு வியப்பைக் கவனியுங்கள். காத்திருக்க இயலாதவை பெரும்பாலும் சிறியவை; காத்திருக்கக் கூடியவையே பெரியவை. தொலைபேசித் துறையில் நெடுநாள் வழங்கும் ஒரு முறைப்படி, குரலை 20 மில்லி விநாடிக்கு ஒரு பொதியாகக் கட்டினால் விநாடிக்கு 50 பொதிகள். மேலுறையையும் சேர்த்து ஒவ்வொன்றும் 200 பைட். மொத்தம் விநாடிக்கு 80 கிலோபிட். இது 40 மெகாபிட் பாதையில் ஐந்நூற்றில் ஒரு பங்கு!

என் மகளின் படங்கள் 2 ஜிகாபைட் இருந்தன என்று கொண்டால், அவை போய்ச் சேர 400 விநாடி ஆகும். குரல் அழைப்புக்கு வழிவிட்டால் அத்தனை படங்களும் சேரக் கூடுதலாக ஆவது ஒரு விநாடிக்கும் குறைவு. விநாடிக்கு 2 மெகாபிட் கேட்கும் முகம் காட்டும் அழைப்புக்கே வழிவிட்டாலும் 21 விநாடிதான் அதிகம். பெரியது ஒதுங்கி நின்றால் அதற்கு ஏறத்தாழ இழப்பே இல்லை. ஒதுங்காவிட்டால் சிறியதற்கோ அனைத்தும் இழப்பு. முன்னுரிமை வகுப்பதன் நியாயம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

இதனை ரூட்டரில் செய்வது எங்ஙனம்? பல கருவிகளின் அமைப்புப் பக்கத்தில் ‘க்யூஓஎஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். சேவைத் தரம் என்று பொருள். நிறுவனத்தார் தரும் எளிய பெட்டிகள் சிலவற்றில் அது இராது. அப்போது தனியே ஒரு ரூட்டரை வாங்கி இடையில் வைக்க வேண்டும். செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, வரிசையை நம் கைக்குள் கொண்டுவருவது. நெருக்கடி எங்கே ஏற்படுகிறதோ அங்கேதான் வரிசை நிற்கும். இணைப்பின் கொள்ளளவு 40 மெகாபிட் என்றால், ரூட்டரில் 36 என்று எல்லை கட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது வீணென்று தோன்றலாம். அங்ஙனம் செய்யாவிட்டால் வரிசை அடுத்துள்ள நிறுவனத்தாரின் பெட்டியில் போய் நிற்கும். அங்கே நம் ஆணை செல்லாது. வாயிற்காவலனை நாம் அமர்த்தியிருக்கும் வாயிலில் கூட்டம் நின்றால்தானே அவனால் ஒழுங்கு செய்ய முடியும்?

இரண்டாவது, இனம் பிரிப்பது. பொதியின் மேலுறையில் அதன் அவசரத்தைக் குறிக்க இடம் விட வேண்டும் என்று 1981-இல் இணைய நெறியை வகுத்தபோதே எண்ணியிருக்கிறார்கள். 1998-இல் அந்த இடத்துக்குப் புதிய முறையில் குறியீடுகள் வகுக்கப்பட்டன. குரலுக்கு இன்று வழங்கும் குறி 46 என்னும் எண். ஆனால் இந்தக் குறியை வெளியிலுள்ள நிறுவனங்கள் மதிக்கும் என்று நம்புவதற்கில்லை. அதன் பயன் பெரும்பாலும் வீட்டெல்லையோடு சரி. மேலும் இக்காலத்தில் பொதியின் உள்ளடக்கம் மறைகுறியால் மூடப்பட்டிருப்பதால், உள்ளே இருப்பது பேச்சா படமா என்று ரூட்டரால் எப்போதும் சொல்ல இயலாது. ஆகையால் அலுவலகக் கணினி, தாத்தாவின் கைப்பேசி, தொலைக்காட்சி என்று கருவியைக் கொண்டு பிரிப்பது பல வீடுகளில் எளிதாகிறது.

மூன்றாவது, வரிசையை நடத்துவது. உயர்ந்த வகைக்கு வந்த பொதி, அப்போது போய்க்கொண்டிருக்கும் ஒரே ஒரு பொதி வாயிலைத் தாண்டும்வரை நின்றால் போதும். 1,500 பைட் கொண்ட முழுப்பொதி ஒன்று 40 மெகாபிட் பாதையில் கடந்து செல்ல எடுப்பது 0.3 மில்லி விநாடி. முன்பு 200 மில்லி விநாடி நின்றது, இப்போது ஒரு மில்லி விநாடியும் நிற்பதில்லை. ஆனால் உயர்ந்த வகைக்கும் ஒரு மேலெல்லை வைத்தாக வேண்டும். இல்லையேல் அதில் தவறி நுழைந்த ஒரு பெரிய கோப்பு, மற்றவர் அனைவரையும் பட்டினி போட்டுவிடும். எல்லாவற்றையும் அவசரம் என்று எழுதி வைத்தால் எதுவும் அவசரம் ஆகாது.

இவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்போருக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை தந்து, முறைவைத்து ஒவ்வொரு வரிசையிலிருந்தும் எடுத்து அனுப்பலாம் என்று 1985-இல் ஜான் நேகில் என்பவர் எழுதினார். அளவுக்கு மேல் தங்கிவிட்ட பொதிகளைக் கழித்து, வரிசையைக் குறுகலாகவே வைத்திருக்கும் முறை ஒன்றை 2012-இல் காத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் வெளியிட்டனர். இவ்விரண்டு கருத்துகளையும் இணைத்த முறை 2018-இல் இணைய நெறி ஆவணமாகவே வந்துவிட்டது. இதில் பெரிய கோப்பு எத்தனை பொதிகளைக் கொண்டு குவித்தாலும் தன் வரிசையில்தான் நிற்கும். சிறு குரல் தன் முறை வந்ததும் போய்விடும். ‘எஃப்க்யூ கோடெல்’ என்னும் பெயரில் இது பல ரூட்டர்களில் கிடைக்கிறது. எல்லை கட்டும் முதல் வேலையைச் செய்து இதனை இயக்கிவிட்டாலே பெரும்பாலான வீடுகளில் குறை தீர்ந்துவிடும்.

இதுவரை வெளியே செல்லும் திசையைச் சொன்னேன். உள்ளே வரும் பொதிகளை வரிசைப்படுத்த நமக்கு உரிமை இருக்கிறதா? நேரடியாக இல்லை, அவை நிற்பது மறுகரையில். ஆயினும் ஒரு மறைமுக வழி உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில், சுமார் 400 கஜ தொலைவே உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, விநாடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. நெருக்கடி கண்டும் எவரும் வேகத்தைக் குறைக்காததுதான் காரணம். பொதி தொலைந்தால் அது நெருக்கடியின் அடையாளம் என்று கொண்டு, அனுப்புகிறவரே வேகத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒழுக்கத்தை வான் ஜேக்கப்சன் 1988-இல் வகுத்தளித்தார். அந்த ஒழுக்கம் இன்றும் இணையத்தைத் தாங்குகிறது. உள்ளே வரும் திசையிலும் நாம் சற்றுக் குறைவாக எல்லை கட்டிச் சில பொதிகளைக் கழித்தால், மறுமுனையில் அனுப்புகிறவர் தாமே தணிந்துவிடுவர்.

இனி இரண்டு இணைப்புள்ள வீட்டுக்கு வருவோம். வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்போர் 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பின் பெருகிவிட்டனர். கண்ணாடி இழை இணைப்பு ஒன்றும், அது தவறினால் உதவக் கைப்பேசி அலைவழி இணைப்பு ஒன்றுமாக இரண்டைச் சேர்த்து ஒரே ரூட்டரில் பொருத்துகிறார்கள்.

மயூர் விஹார்வாசிகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. யமுனையைக் கடந்து நகருக்குச் செல்ல அவர்களுக்கு நிஜாமுதீன் பாலம் ஒன்று. 2001-இல் திறந்த டி.என்.டி. பாதை மற்றொன்று. இரண்டு பாலம் இருந்தால் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்றையே எப்போதும் பயன்படுத்தி, அது அடைபட்டால் மட்டும் மற்றொன்றுக்குத் திரும்புவது ஒரு முறை. வண்டிகளை இரண்டிலும் பகிர்ந்து அனுப்புவது மற்றொரு முறை.

பகிர்ந்து அனுப்புவதில் ஒரு விதியை மறக்கலாகாது. ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்து, தந்தையை ஒரு பாலத்திலும் குழந்தையை மறு பாலத்திலும் அனுப்பலாமா? ஓர் உரையாடலின் பொதிகளை இரு வழியில் பிரித்தால் அவை முன்பின்னாகப் போய்ச் சேரும். அன்றியும் ஒவ்வோர் இணைப்புக்கும் வெளியுலகில் தனித்தனி முகவரி உண்டு. வங்கிக் கணக்கைத் திறந்தவர் ஒரு முகவரியிலிருந்தும், பணம் அனுப்பச் சொல்பவர் வேறு முகவரியிலிருந்தும் வந்தால், வங்கியின் கணினி ஐயுற்று வெளியே அனுப்பிவிடும். எனவே ஓர் உரையாடல் தொடங்கிய வழியிலேயே முடிய வேண்டும். பொதிகளை அன்று, உரையாடல்களையே பகிர வேண்டும். ஒன்று 100 மெகாபிட், மற்றொன்று 20 என்றால் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் பகிர்வது தகும்.

வழி அடைபட்டதை ரூட்டர் எப்படி அறியும்? கம்பி செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அப்பால் இரண்டு தெரு தள்ளிக் கம்பி அறுந்திருக்கும். வெளியுலகில் நம்பத் தகுந்த இரண்டு முகவரிகளைச் சில விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும்படி அமைக்க வேண்டும். இரண்டும் தொடர்ந்து சிலமுறை மறுமொழி தராவிட்டால் வழியை மாற்ற வேண்டும். பழைய வழி திரும்பி வந்ததும் உடனே அதற்கு ஓடாமல், சில நிமிடம் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்தல் நலம். வழி மாறும் கணத்தில், நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அறுபடக்கூடும். திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முன்னுரிமை மிகவும் வேண்டப்படுவது இந்த வேளையில்தான். அகன்ற பாதை போய்க் குறுகிய பாதை வந்திருக்கிறது; பழைய எல்லை அதற்குப் பொருந்தாது. ஒவ்வோர் இணைப்புக்கும் தனியே எல்லை கட்ட வேண்டும். அலைவழி இணைப்பின் கொள்ளளவு நேரத்துக்கு நேரம் மாறுவதால், அதன் எல்லையைத் தாழ்வாகவே வைப்பது நல்லது. மாற்று வழியில் செல்லும்போது படச் சேமிப்பும் மென்பொருள் புதுப்பிப்பும் கூடவே கூடாது என்று விதித்துவிடலாம். வெள்ளத்தில் பெரிய பாலம் மூடப்பட்டபின், சிறு பாலத்தில் சரக்கு வண்டியை விடுவாருண்டோ?

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டதால் இரண்டு வழி கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. நம் குடியிருப்புகள் பலவற்றில் எல்லா நிறுவனத்தாரின் கம்பியும் ஒரே கம்பத்தின்மேல் பின்னிக்கொண்டு செல்கின்றன. கம்பம் சாய்ந்தால் இரண்டும் சாயும். ஒன்று கம்பியாகவும் மற்றொன்று அலையாகவும் இருப்பதில் உள்ள நன்மை அதுவே. மின்சாரம் நின்றால் இரண்டு இணைப்பும் ஒருங்கே அணையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரூட்டருக்கும், இழையை ஏற்கும் சிறு பெட்டிக்கும் இன்வெர்ட்டரில் இடம் தரவேண்டும்.

நேயர்களே, முன்னுரிமை புதிய பாதை எதையும் உண்டாக்குவதில்லை. காத்திருப்பை ஒருவர் தோளிலிருந்து இறக்கி மற்றொருவர் தோளில் ஏற்றுகிறது. ஆகவே அதில் நியாயம் வேண்டும். டில்லி மக்கள் இதனைச் சாலையிலேயே கண்டவர்கள். 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கினார்கள். ஒரு பேருந்தில் போகும் மக்கள் தொகை பல கார்களில் போவோர் தொகைக்குச் சமம் என்பது அதன் நியாயம். 2012-இல் உயர்நீதிமன்றமும் அத்தடத்தை ஆதரித்தே தீர்ப்பளித்தது. ஆனால் பேருந்து வராத வேளையில் காலியாகக் கிடந்த தடத்தையும், அருகே நெருங்கி நின்ற கார்களையும் பார்த்தோர் மனம் பொறுக்கவில்லை. 2016-இல் அதனை அகற்றத் தொடங்கினார்கள். ரூட்டருக்கு அந்தச் சங்கடம் இல்லை. குரல் பேசாத கணத்தில் அதன் பங்கை அப்படியே படத்துக்குக் கடன் கொடுக்கும். குரல் வந்த கணத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒதுக்கீடு வேறு, முன்னுரிமை வேறு. அமைக்கும்போது இந்த வேற்றுமையை நினைவில் வைத்தால் எதுவும் வீணாகாது.

வீட்டுக்குள் பாகுபாடு செய்யலாம் என்றால், நிறுவனத்தாரும் செய்யலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது என்பதே நம் நாட்டின் முடிவு. எந்த உள்ளடக்கத்தைப் பார்க்கிறோம் என்பதைக் கொண்டு கட்டணத்தை வேறுபடுத்துவதை, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் தடை செய்தது. ஒன்றை மறிப்பதும், மெதுவாக்குவதும், மற்றொன்றை முந்த விடுவதும் கூடாது என்னும் கொள்கையை 2018 ஜூலையில் அரசு ஏற்றுக்கொண்டது; சில தனிச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மின்னல் அழைப்புக்கு அதிகப் பணம் தந்தவர் முந்திய காலம் மீண்டும் வராதிருக்க இது ஒரு காவல். எது முந்த வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த வீட்டில் வாழ்வோரின் உரிமை.

அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவோம்? சம்பாதிப்பவரின் கணினிக்கு முதலிடம், பிறகு மூத்தவர், கடைசியில் குழந்தை என்று குடும்பப் படிவரிசையை அப்படியே ரூட்டரில் எழுதி வைக்க மனம் தூண்டும். அது பிழை. தலைவர் பார்க்கும் திரைப்படம் காத்திருக்கும். குழந்தையின் வாய்மொழித் தேர்வு காத்திராது. கருவியைக் கொண்டு இனம் பிரிக்கும்போதும் இந்த எண்ணம் மாறலாகாது. வீட்டார் அனைவரும் ஒருநாள் கூடியமர்ந்து, எது எதனால் காத்திருக்க இயலாது என்று பேசி முடிவு செய்யட்டும். அது முடிந்தபின் கருவியில் எழுதுவது அரைமணி நேர வேலை.

என் வீட்டிலும் அப்படியே செய்தோம். அடுத்த மாதம் மருத்துவர் அழைத்தபோது என் மகளின் கைப்பேசி வழக்கம்போல் படங்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் அதனை நிறுத்தவில்லை. எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறகு அம்மா கருவியை வாங்கி, “டில்லியில் குளிர் எப்படி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியும் தெளிவாகவே வந்து சேர்ந்தது. படங்கள் சில விநாடி பிந்திப் போயிருக்கும். அதனை யாரும் கவனிக்கவில்லை.